நான் இல்லாவிட்டாலும் நடக்கணும்!

"சர்வருக்கும் சமையல்கட்டுக்கும் என்னடி சம்பந்தம்? பெண்கள் பத்திரிகைக்கு எழுத உனக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று கேட்டாள் என் சிநேகிதி. சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படித்தீர்களானால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு மூன்று வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, 2023-இல்தான் மறுபடி வேலைக்குப் போனேன். போன முதல் வாரம் கையெல்லாம் நடுங்கியது. பாப்பாவுக்கு நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்து ஊட்டியே பழகிவிட்ட கை! கீ-போர்டு அந்நியமாக இருந்தது. 'மூன்று வருஷத்தில் உலகமே மாறியிருக்கும், இவளுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது' என்று மற்றவர்கள் நினைப்பதாக நானே நினைத்துக்கொண்டு தவித்தேன்.

இரண்டாவது மாதம் எங்கள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "அம்மா, டாப்லோ சர்வர் ஒன்று நம் இடத்திலேயே போடப் போகிறோம். திட்டம் போட்டுக் கொடுங்கள். மூன்று மாதம் டைம்" என்றார்.

இது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனையில் தினமும் ஆயிரம் கணக்குகள். எத்தனை கட்டில் காலி, எந்த மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது, லேபில் எத்தனை ரிசல்ட் நிலுவை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் கிடக்கும். அவற்றை ஒன்றாகச் சேர்த்து, பார்த்த மாத்திரத்தில் புரிகிற படங்களாகப் போட்டுக் காட்டும் சாஃப்ட்வேர் இது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியில் பிறந்து, 2003-இல் கம்பெனியாகி, 2019-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் கம்பெனிக்குக் கை மாறியது. சர்வரில் போட்டுவிட்டால் வார்டு நர்ஸ் முதல் நிர்வாகி வரை அவரவர் கம்ப்யூட்டரிலேயே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

இதை இன்டர்நெட் வழியாக வெளியார் இடத்தில் வாடகைக்கு வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. அது ஓட்டல் சாப்பாடு மாதிரி. இலை போட்டு, பரிமாறி, எச்சிலை எடுப்பது வரை அவர்கள் பொறுப்பு. சொந்த இடத்தில் வைப்பது வீட்டுச் சமையல். உப்பு, காரம் நம் இஷ்டம். ஆனால் காஸ் தீர்ந்தால், தண்ணீர் நின்றால், சாக்கடை அடைத்தால் எல்லாம் நம் தலையில்தான். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வெளியே வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. இருந்தாலும் நோயாளிகளின் விவரம் நம் சுவருக்குள்ளேயே இருக்கட்டும் என்று எங்கள் நிர்வாகம் முடிவு செய்தது. அப்படியானால் கரண்ட், ஏ.சி., யு.பி.எஸ்., பூட்டு, சாவி வரை எல்லாம் நாங்கள்தானே யோசிக்க வேண்டும்?

முதல் வேலையாக என்ன மெஷின் வாங்கலாம் என்று விலைப்பட்டியல் பார்க்க உட்கார்ந்தேன். இரண்டு நாளில் அலுத்துப் போயிற்று. அன்று ராத்திரி அத்தையிடம் புலம்பினேன். (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்.) அவர் கீரை ஆய்ந்துகொண்டே, "எத்தன பேருக்குச் சாப்பாடு, எத்தன மணிக்குப் பந்தினு தெரியாம அண்டா வாங்கப் போனா எப்படி கண்ணு?" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. மறுநாள் விலைப்பட்டியலை மூடி வைத்துவிட்டு, ஒரு நோட்டுடன் மருத்துவமனை முழுக்கச் சுற்றினேன். 'யார் பார்ப்பீர்கள்? எத்தனை மணிக்குப் பார்ப்பீர்கள்? படம் வர ஒரு மணி நேரம் தாமதமானால் உங்களுக்கு என்ன கஷ்டம்?' என்று மூன்றே கேள்விகள்.

மேலே உட்கார்ந்திருப்பவர்கள் பத்து மணிக்குப் பார்ப்போம் என்றார்கள். நர்ஸிங் சூப்பரின்டென்டன்ட் அம்மா மட்டும், "காலையில ஏழரைக்கு டூட்டி மாறும்போதுதாங்க எங்களுக்கு வேணும். பத்து மணிக்கு வந்து என்ன பிரயோஜனம்? அதுக்குள்ள பாதி பேரை டிஸ்சார்ஜ் பண்ணியிருப்போம்" என்றார். அந்த ஒரு பதில் என் திட்டத்தையே மாற்றியது. மருந்தகக் கணக்கு நடுராத்திரிதான் முடியும். ஆகவே பேக்கப் ராத்திரி 1 மணிக்கு, புதுக் கணக்குகளை இழுத்துக்கொள்ளும் வேலை 4 மணிக்கு, 7 மணிக்குள் எல்லாம் தயார் என்று ஏற்பாடு செய்தேன். இரண்டுமே மெஷினைப் பிழிந்தெடுக்கிற வேலைகள். கிரைண்டரையும் மிக்ஸியையும் ஒரே பிளக்கில் மாட்டலாமா?

யாருக்கு என்ன உரிமை என்பதிலும் சுற்றி வந்தது உதவியது. இந்த சாஃப்ட்வேருக்கு ஆள் கணக்கில்தான் லைசென்ஸ் வாங்கினோம். அதில் மூன்று தரம் உண்டு. படங்களைப் புதிதாக உருவாக்குகிறவர் கிரியேட்டர். இருப்பதைத் தன் தேவைக்கு மாற்றிப் பார்ப்பவர் எக்ஸ்ப்ளோரர். பார்த்துவிட்டுப் போகிறவர் வியூவர். விலையும் அதே வரிசையில் இறங்கும். கேட்டால் எல்லோரும் கிரியேட்டர்தான் வேண்டும் என்றார்கள்! கல்யாண வீட்டில் எல்லோருமே கரண்டி பிடித்தால் யார் சாப்பிடுவது? நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டதில், சமைக்கிறவர்கள் ஐந்தே பேர் என்று தெரிந்தது.

மெஷின் அளவு அதற்குப் பிறகுதான். 8 கோர் ப்ராஸஸர், 128 ஜி.பி. ராம், இந்த வேலைக்கென்றே தனி மெஷின். "இருக்கிற மெஷினில் ஒரு ஓரமாகப் போட்டுவிடலாமே" என்று சிக்கனம் பேசியவர்கள் உண்டு. இது பசி அதிகமுள்ள சாஃப்ட்வேர். பக்கத்து இலையிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டுவிடும் என்று விளக்கினேன்.

ஒரு மெஷினா, மூன்றா என்பது அடுத்த கேள்வி. ஒன்று படுத்துவிட்டாலும் வேலை நிற்கக் கூடாதென்றால் குறைந்தது மூன்று வேண்டும். அடுப்புக்குக் கல் மூன்று என்கிற மாதிரிதான். எது சரியாக ஓடுகிறது என்று மெஷின்கள் தமக்குள் ஓட்டுப் போட்டுப் பெரும்பான்மையால் முடிவு செய்கின்றன. இரண்டே இருந்து ஒன்று படுத்துவிட்டால், மிச்சம் நிற்கிற ஒன்றுக்குப் பெரும்பான்மை ஏது? எங்களுக்கு நாலு மணி நேரம் படம் வராவிட்டாலும் எந்த நோயாளிக்கும் ஆபத்தில்லை. சிகிச்சைக்கான கணக்குகள் வேறு கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஆகவே ஒன்று போதும், பழுதானால் மாற்று மெஷினில் நாலு மணி நேரத்துக்குள் மீட்டுவிட வேண்டும் என்று எழுதினேன்.

இனி என் அசட்டுத்தனத்தைச் சொல்கிறேன். ஒரு பழைய மெஷினில் ஒத்திகையாகப் போட்டுப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி வரும். உள்ளே வருகிறவரை எப்படி அடையாளம் காண்பது? சர்வரே தனியாக ஒரு பெயர்ப்பட்டியல் வைத்துக்கொள்ளட்டுமா, அல்லது ஆபீஸில் ஏற்கெனவே இருக்கிற ஆக்டிவ் டைரக்டரி என்ற பொதுப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று. அவசரத்தில் முதலாவதைத் தட்டிவிட்டேன். எல்லாம் ஜோராக ஓடியது. நாலு நாள் கழித்துத்தான், வேலையை விட்டுப் போகிறவர்களின் பெயரை இரண்டு இடத்திலும் நீக்க வேண்டியிருக்குமே என்று உறைத்தது. மாற்றலாம் என்று பார்த்தால், மாற்ற முடியாது! அடியோடு எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். அதற்கென்று இருக்கிற கட்டளையின் பெயருக்கே 'சுவடில்லாமல் அழி' என்றுதான் அர்த்தம்.

ஒத்திகை என்பதால் பிழைத்தேன். அன்று என் திட்டத்தில் ஒரு புதுப் பக்கம் சேர்ந்தது. 'பிறகு மாற்ற முடியாதவை' என்று தலைப்பிட்டு, அவற்றை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன். பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியவற்றுக்காக மண்டையை உடைத்துக்கொள்வதை அன்றோடு நிறுத்தினேன்.

பேக்கப்பிலும் ஒரு பாடம். படங்கள், கணக்குகள், பெயர்கள் எல்லாம் ஒரு பேக்கப் ஃபைலில் வந்துவிடும். சர்வரின் அமைப்புகள் அதில் வராது. தனியாக எடுக்க வேண்டும். நான் பேக்கப்பை மட்டும் வைத்து மீட்டுப் பார்த்தேன். படமெல்லாம் அழகாக வந்தது. ஆனால் ஸ்டாக் குறைந்தால் மருந்தகத்துக்குப் போக வேண்டிய ஈ-மெயில் போகவில்லை. அந்த விலாசமெல்லாம் அமைப்புகளோடு போய்விட்டது! ஊறுகாய் ஜாடியைப் பத்திரமாக எடுத்துவந்து, மூடியை ஊரிலேயே விட்டுவிட்ட கதைதான். இரண்டையும் எடுத்து, பிரதியை அடுத்த கட்டிடத்தில் வைப்பது என்று எழுதினேன். வீடு பற்றி எரியும்போது பீரோவுக்குள் இருக்கிற நகல் சாவியால் என்ன லாபம்?

நாற்பது பக்கத் திட்டத்தைப் பெருமையாகக் கொண்டுபோய்த் தலைவர் மேஜையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தவர், "நன்றாக இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் லீவு போட்டால்?" என்று கேட்டார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. 'குழந்தைக்காரிதானே, கடைசி நேரத்தில் காலை வாரிவிடுவாள்' என்று நினைக்கிறார் போலிருக்கிறது! "லீவு போட மாட்டேன் ஸார்" என்றேன் விறைப்பாக. அவர் சிரிக்கவில்லை. "நான் போட்டாலும் இதே கேள்விதான் அம்மா. நாற்பது பக்கமும் உங்களுக்குத்தான் புரியும். ராத்திரி பதினோரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் இருக்கிற இன்னொருவருக்குப் புரியுமா?" என்றார்.

முணுமுணுத்துக்கொண்டேதான் மறுபடி உட்கார்ந்தேன். செய்ய வேண்டியதை வரி வரியாக, நம்பர் போட்டு எழுதினேன். மொத்தம் 64 வரி. எந்த வரியை யார் செய்வது, செய்தபின் திரையில் என்ன தெரிய வேண்டும், தெரியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது, அதிகாலை 3 மணிக்குள் முடியாவிட்டால் எல்லாவற்றையும் பழையபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது என்பது வரைக்கும். என்னை 'அக்கா' என்று கூப்பிடும், சேர்ந்து ஆறே மாதமான தம்பி ஒருவனிடம் கொடுத்து, ஒத்திகை மெஷினில் என் உதவியில்லாமல் போடச் சொன்னேன். பதினொரு இடத்தில் தடுக்கி நின்றான். பதினொன்றையும் திருத்தினேன்.

அந்த நாளும் வந்தது. ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி. பாப்பாவுக்கு அப்போது மூன்றரை வயது. சாயந்தரமே லேசாக உடம்பு சுட்டது. "நாங்க பாத்துக்கறோம், நீ போயிட்டு வா கண்ணு" என்றார் அத்தை. என் கணவரும், "நான் இருக்கிறேனே" என்றார். போனேன்.

சர்வர் ரூமில் குளிரும் இரைச்சலும். போனை வெளியே மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். 10-40-க்கு வெளியே வந்து பார்த்தால், வீட்டிலிருந்து ஒன்பது அழைப்புகள்! கால் நடுங்கக் கூப்பிட்டேன்.

"பாப்பாவுக்கு 103 டிகிரி. பாரசிட்டமால் 8 மில்லிதானே? 8 என்று நீ சொன்ன ஞாபகம். அம்மாதான் கொடுக்க விட மாட்டேன் என்கிறார்கள்" என்றார் அவர்.

பின்னாலிருந்து அத்தையின் குரல். "ரெண்டு பாட்டில் இருக்குது கண்ணு. எழுத்து தெரியலீனாலும் எனக்குக் கண்ணு தெரியுதல்ல? போன தடவ குடுத்த பாட்டில் இந்த நெறமில்ல!"

"கையில் எது இருக்கிறது? 120-ஆ, 250-ஆ? லேபிளைப் படியுங்கள்" என்றேன்.

"250."

எனக்கு அந்த ஏ.சி.யிலும் வியர்த்துவிட்டது. டாக்டர் சொன்ன 8 மில்லி, 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருக்கிற மருந்துக்கு. 250 உள்ள பாட்டிலில் அதே 8 மில்லி கொடுத்தால் மருந்து இரண்டு மடங்குக்கும் மேல்! பாரசிட்டமால் அளவு மிஞ்சினால் ஈரலைப் பாதிக்கும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். 250 பாட்டில், போன தடவை 120 கிடைக்காதபோது கடையில் கொடுத்தது. இதற்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டதும் நான்தான். டாக்டர் சீட்டு எங்கே? என் கைப்பையில்! அந்தப் பை என்னோடு ஆபீஸில்!

120 பாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லி, அதிலிருந்து 8 மில்லி கொடுக்கச் சொன்னேன். பிறகு செய்முறைத் தாளைத் தம்பியிடம் நீட்டினேன். "28-ஆவது வரி முடிந்திருக்கிறது. மிச்சத்தை நீ பார்த்துக்கொள்வாயா?"

"போங்க அக்கா. அதான் எல்லாமே எழுதியிருக்கே" என்றான் அவன்.

வீட்டுக்குப் போகிற ஆட்டோவில்தான் எனக்கு அழுகை வந்தது. பயத்தினால் மட்டுமில்லை. ஆபீஸில் ஒரு மெஷினுக்கு 64 வரி எழுதி வைத்திருக்கிறேன். நான் எழுந்து வந்ததும் இன்னொருவன் உட்கார்ந்து தொடர்கிறான். என் குழந்தைக்கு ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லையே! எல்லாம் என் தலைக்குள். அந்தத் தலை வீட்டில் இல்லாத ஒரு ராத்திரியில், படித்த தகப்பனார் தவறான அளவை ஊற்றப் போகிறார். எழுத்தறியாத பாட்டி நிறத்தைப் பார்த்துத் தடுக்கிறார். அத்தை மட்டும் அன்று இல்லாவிட்டால்?

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'எனக்குத்தான் எல்லாம் தெரியும், நான் இல்லாவிட்டால் இந்த வீடு ஓடாது' என்பதில் எனக்கு ஒரு ரகசியப் பெருமை இருந்தது. உங்களில் எத்தனை பேருக்கு இல்லை, சொல்லுங்கள்! தலைவரின் கேள்வி எனக்குக் கோபத்தைக் கொடுத்ததற்கும் அந்தப் பெருமைதான் காரணம்.

பாப்பாவுக்கு விடியற்காலை வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. அதே நேரம் தம்பியிடமிருந்து செய்தி: "64 முடிந்தது அக்கா. 41-இல் மட்டும் ஒரு சந்தேகம், வென்டரைக் கூப்பிட்டேன், சரியாகிவிட்டது. பாப்பா எப்படி இருக்கு?" திங்கட்கிழமை காலை ஏழரைக்கு சூப்பரின்டென்டன்ட் அம்மா தன் வார்டுக் கட்டில்களைத் திரையில் பார்த்துவிட்டு, "வந்துடுச்சுங்க!" என்று போன் பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு அறுபது பக்க நோட்டு வாங்கினேன். ஆபீஸில் கேட்ட அதே கேள்விகளை வீட்டுக்குக் கேட்டேன். முதல் பக்கம், தவறினால் திருத்த முடியாதவை. பாப்பாவின் எடை, ஒத்துக்கொள்ளாத மருந்து, எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் பாட்டிலில் எத்தனை மில்லி, எத்தனை மணிக்கொரு தரம், எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் டாக்டரிடமே கேட்டுச் சிவப்பு மையில். எடை ஏறினால் அளவும் மாறும். ஆகவே தேதியும் போட்டேன். 250 பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, வீட்டில் ஒரே அளவு மருந்துதான் என்று வைத்துக்கொண்டேன். அத்தைக்காக அந்தப் பாட்டிலில் பச்சை நூல் கட்டி, 8 மில்லிக்கு அளவுக் குப்பியில் கோடு போட்டேன். அடுத்த பக்கங்களில் அத்தையின் பிரஷர் மாத்திரை, தடுப்பூசித் தேதிகள், பள்ளிக்கூட வேன் டிரைவர் நம்பர், பால் கணக்கு. முதல் பக்கத்தின் நகல் ஒன்று பக்கத்து வீட்டில்.

பேக்கப் எடுத்தால் போதுமா? மீட்டுப் பார்க்க வேண்டாமா? அடுத்த மாதம் ஒரு வெள்ளி ராத்திரி நான் மட்டும் பொள்ளாச்சியில் அம்மா வீட்டுக்குப் போனேன். போகும்போது, "அவசரம் என்றால் தவிர கூப்பிடக் கூடாது. நோட்டைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஞாயிறு மாலை திரும்பி வந்தபோது வீடு நின்ற இடத்திலேயே நின்றது. பாப்பா சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். மூன்று இடத்தில் தடுக்கியதாகச் சொன்னார் என் கணவர். காஸ் புக் பண்ணுகிற நம்பர் என் போனில்தான் இருக்கிறதாம். மூன்றையும் நோட்டில் அவரே எழுதிவிட்டிருந்தார்.

"ரெண்டு நாள் நல்லாத் தூங்குனயா கண்ணு?" என்றார் அத்தை.

தூங்கினேன். குழந்தை பிறந்தபின் முதல் தடவையாக, நடுவில் எழுந்திருக்காமல், விடிய விடியத் தூங்கினேன்.